மியூரியலுக்கு ஓர் இருக்கை

கிளிஃபோர்ட் ஹெப்டனுக்கு எதைப் பார்த்தாலும் அதில் ஓட்டை போடத் தோன்றும். கிளட்ச் மிதியில் ஓட்டை, பிரேக் நெம்புகோலில் ஓட்டை, எஞ்சினைத் தாங்கும் பட்டையில் வரிசையாகப் பதினெட்டு ஓட்டை. ஓட்டை போட்டால் எடை குறையும், எடை குறைந்தால் கார் பறக்கும். அவனுக்குத் தெரிந்த வேதம் அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரே சர்ச்சுக்குப் போகும்போது அவன் வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகைக்குப் போய்விடுவான். சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருக்கும் மியூரியல், துளை போடும் சத்தத்தை வைத்தே இது அலுமினியம், இது இரும்பு என்று சொல்லிவிடுவாள். கல்யாணமாகிப் பத்து வருடத்தில் அந்த அளவுக்காவது தேறியிருந்தாள்.

பிழைப்புக்கு அவன் பிளம்பர். ஹெரிஃபோர்டைச் சுற்றியிருந்த ஊர்களில் பழைய வீடுகளின் ஈயக் குழாய்களை மாற்றுவான், ஒழுகும் சர்ச்சுக் கூரைகளுக்கு ஈயத் தகடு அடிப்பான். வாரத்தில் ஐந்தரை நாள் ஈயம் சுமந்து தோள் காய்த்துப் போனவன், மீதி ஒன்றரை நாளும் எடையில்லாத ஒரு பொருளைக் கட்டிக்கொண்டு அழுதான் என்றால் அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அந்த மட்டுக்கும் மியூரியலுக்கு அவன்மேல் இரக்கம்தான்.

அவன் கட்டிய கார் ஒரு குளிக்கும் தொட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. முப்பது வருடப் பழைய குட்டிக் கார் ஒன்றின் சட்டத்தை வாங்கி, அறுத்து, துளைத்து, மேலே தானே தட்டிய அலுமினியத் தகட்டைப் போர்த்தியிருந்தான். கதவு கிடையாது, கண்ணாடி கிடையாது, பெயின்ட் கிடையாது. பெயின்ட்டுக்கும் எடை உண்டே! கார்ப் பந்தயக் கிளப்காரர்கள் அதற்குத் தெள்ளுப்பூச்சி என்று பெயர் வைத்தார்கள். கேலியாக வைத்த பெயர்தான். ஆனால் ஆஸ்க்லி மேட்டில் அது ஏறிய வேகத்தைப் பார்த்தபிறகு அந்தக் கேலியில் கொஞ்சம் மரியாதையும் சேர்ந்துகொண்டது.

ஆஸ்க்லி மேடு என்பது ஒரு பழைய பிரபு வீட்டுக்குப் போகும் பாதை. நீளம் ஆயிரம் கஜம், வளைவு நான்கு. வருடத்துக்கு மூன்று முறை அதைக் கயிறு கட்டி மூடிவிட்டுப் போட்டி நடத்துவார்கள். ஒரே ஒரு கார் புறப்படும், உச்சிக்குப் போய்ச் சேரும், கடிகாரம் நேரம் சொல்லும். பிறகு அடுத்த கார். அங்கே ஐந்து லிட்டர் எஞ்சின் வைத்த ஒரு பச்சை ராட்சதனைக் கொண்டுவருவார் பீர் ஆலை முதலாளி ரோலண்ட் டஃப்னெல். அது கிளம்பினால் ஆப்பிள் தோட்டத்துப் பறவையெல்லாம் எழுந்து பறந்துவிடும். நேர்ப்பாதையில் அதைப் பிடிக்க ஆளில்லை. ஆனால் வளைவு வந்ததும் அந்த ராட்சதன் முக்கும், முனகும், வைக்கோல் பொதியில் போய் மோதலாமா என்று யோசிக்கும். தெள்ளுப்பூச்சியோ வளைவு வந்ததே தெரியாத மாதிரி போய்விடும்.

"உன் வண்டிய நான் பாக்கெட்ல போட்டுக்கிட்டே மேல போயிடுவேன்யா ஹெப்டன்" என்பார் டஃப்னெல், பீர் கூடாரத்தில்.

"தாராளமா போட்டுக்குங்க சார். ரெண்டாவது வளைவுல உங்க பாக்கெட் கிழிஞ்சா என்னைக் கேக்கக் கூடாது" என்பான் கிளிஃபோர்ட். பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பிரசங்கத்தை ஆரம்பிப்பான். "குதிரைசக்திய வெச்சு நேரா போகலாம், அவ்வளவுதான். எடை இல்லன்னா கிளம்பறப்பவும் லாபம், திரும்பறப்பவும் லாபம், நிறுத்தறப்பவும் லாபம். டயரும் தேயாது, பெட்ரோலும் குடிக்காது. கனமான வண்டிக்காரன் பூமியோட சண்டை போடறான். நான் போடறதில்ல."

மியூரியல் ஒரு மிட்டாய்க் கடையில் வேலை பார்த்தாள். சுவரில் அடுக்கடுக்காகக் கண்ணாடி ஜாடிகள். பிள்ளைகள் வந்து கால் ராத்தல் எலுமிச்சை மிட்டாய் கேட்கும். ஜாடியைச் சாய்த்து ஒரு கை அள்ளித் தராசில் போட்டால் முள் கால் ராத்தலில் போய் நிற்கும், ஒரு மிட்டாயைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருக்காது. இருபது வருடப் பழக்கம். எடையைப் பற்றிப் புருஷன் கூடாரத்தில் பேசியதையெல்லாம் அவளுடைய கை பேசாமலே அறிந்திருந்தது.

ஒரு காருக்கு இரண்டு பேர் பெயர் கொடுப்பது இந்தப் போட்டிகளில் வழக்கம். புருஷன் ஏறி இறங்கியதும் அதே காரில் பெண்டாட்டி ஏறுவாள். பெண்களுக்கென்று ஒரு சின்ன வெள்ளிக் கோப்பை இருந்தது. மூன்று பெண்கள் வந்தால் மூவரில் ஒருத்திக்கு அது போகும். அதை வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, எல்லாருக்கும் தேநீர் ஊற்ற வந்துவிட வேண்டும். அப்படித்தான் 1957 ஜூன் மாதத்தில் மியூரியல் முதன்முதலாகத் தெள்ளுப்பூச்சிக்குள் உட்கார்ந்தாள். குள்ளமானவள் என்பதால் கால் மிதிக்கு எட்டவில்லை. வரவேற்பறை சோபாவிலிருந்து இரண்டு மெத்தைகளைக் கொண்டுவந்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

அதற்குமுன் அவள் ஓட்டியதெல்லாம் கிளிஃபோர்டின் வேன்தான். ஈயக் குழாயை ஏற்றிக்கொண்டு வேலை நடக்கும் இடத்துக்குப் போவாள். ஸ்டியரிங் சக்கரத்தைச் சுற்றிவிட்டு அது திரும்புவதற்காகக் காத்திருக்க வேண்டும், வேன் நம் பேச்சைக் கேட்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும். இந்தக் காரில் அந்தக் காத்திருப்பே இல்லை. வளைவைப் பார்த்தாள், கார் திரும்பிவிட்டது. கை திருப்பியதா கண் திருப்பியதா என்றே தெரியவில்லை. உச்சியில் நிறுத்தியபோது ஹெல்மெட்டுக்குள் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் புருஷன் எதற்காக ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்தான் என்பது அப்போதுதான் புரிந்தது. அன்றைக்கு அவனை அவள் மிகவும் நேசித்தாள் என்றும் சொல்லவேண்டும்.

கடிகாரம் வேறு கணக்குச் சொன்னது. அவள் நேரம் அவன் நேரத்தைவிட அரை நொடி குறைவு.

பீர் கூடாரமே குலுங்கியது. "கேட்டுக்கோ ஹெப்டன், உன் வண்டியிலேயே ரொம்பக் கனமான பாகம் எதுன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு!" என்று டஃப்னெல் அவன் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டினார். "அதுல எப்ப ஓட்டை போடப் போற?"

கிளிஃபோர்டும் சிரித்தான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்த முகமாகவே இருந்தான்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவன் அவளுக்கு ஒரு இருக்கை செய்து கொடுத்தான். பலகையில் பெட்டி மாதிரி செய்து, முதுகு சாய்வு வைத்து, குதிரைமயிர் அடைத்து, சிவப்பு ரெக்சின் போர்த்தியது. அவன் ஓட்டி முடித்ததும் அதை அவனுடைய இருக்கைக்குமேல் வைத்து நான்கு திருகில் இறுக்கிவிட்டால் மியூரியலின் காலும் கையும் கச்சிதமாக எட்டும். போட்டிக்குப் போட்டி அவனே வேனிலிருந்து தூக்கிவந்து மாட்டுவான், அவனே கழற்றி எடுத்துப்போவான். "நீ கையை வெக்காதம்மா, நான் பாத்துக்கறேன்" என்பான். மற்ற மனைவிமார் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

"எங்க வீட்டு மனுஷன் ஒரு கோட்டு மாட்டற ஆணிகூட அடிச்சுக் குடுத்ததில்ல. உனக்கு வாய்ச்சது பாரு!" என்றாள் ஒருத்தி.

மியூரியலுக்கும் பெருமைதான். ஆனால் அந்த இருக்கையில் உட்கார்ந்து அவள் ஒருமுறைகூடக் கிளிஃபோர்டை முந்தவில்லை. 58இல் ஒரு நொடிக்குமேல் பின்தங்கினாள். 59இல் முக்கால் நொடி. வெள்ளிக் கோப்பை மட்டும் வந்துகொண்டிருந்தது. முதல் வருடத்து அரை நொடியை எல்லாரும் மறந்தார்கள். புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு அப்படி ஒரு நாள் அடிக்கும் என்றார்கள். அவளும் அப்படித்தான் நம்பத் தொடங்கினாள். தன் கையைப் பற்றி அவளுக்கு இருந்த நிச்சயம் மெல்ல மெல்லக் கரைந்தது. மிட்டாய்க் கடையில்கூட இப்போதெல்லாம் தராசைப் பார்த்த பிறகுதான் பையைக் கட்டினாள்.

"கிளிஃப், கார் மந்தமா இருக்கு. வளைவுல நம்ம வேன் மாதிரி யோசிச்சு யோசிச்சுத் திரும்புது" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"காருக்கு என்ன? இப்பத்தானே நான் ஓட்டிட்டு வந்தேன்" என்றான் அவன். "மந்தம் காருல இல்லம்மா."

அவள் விட்டுவிடவில்லை. போட்டியில்லாத நாட்களில் சைக்கிளில் ஆஸ்க்லிக்குப் போய் அந்த ஆயிரம் கஜத்தை நடந்தே பார்த்தாள். எந்த மரத்தருகே பிரேக், எந்தக் கல்லருகே திருப்பம் என்று மனப்பாடம் செய்தாள். அந்த ஊரில் கிளிஃபோர்ட் உட்பட எந்த ஆம்பிளையும் அவ்வளவு பாடுபடவில்லை. அவள் உண்மையில் நல்ல ஓட்டுநராக ஆகிக்கொண்டிருந்தாள். ஆனால் அதைக் கடிகாரம் காட்டவில்லை. கடிகாரம் காட்டாததை அவள் எப்படி நம்புவாள்?

அறுபதாம் வருடக் குளிர்காலத்தில் ஒரு முடிவுக்கு வந்தாள். காருக்கு அவன் செய்வதைத் தனக்குத் தானே செய்துகொள்வது. முதலில் ரொட்டியை விட்டாள். பிறகு உருளைக்கிழங்கு, வெண்ணெய், ஞாயிற்றுக்கிழமைப் புட்டிங், தேநீரில் பால். அவனுக்கு எல்லாம் சமைத்துப் போட்டுவிட்டு எதிரே கோஸையும் கேரட்டையும் வைத்துக்கொண்டு உட்காருவாள். கிளிஃபோர்ட் குழம்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டே அவளைப் பார்ப்பான்.

"எடைதான் எதிரி. விட்டுடாத" என்பான்.

பழைய ஈயம் நிறுக்கும் தராசு கொட்டகையில் இருந்தது. ஞாயிறுதோறும் அதில் அவளை ஏற்றி நிறுத்துப் பார்த்தான். நவம்பரில் நூற்றுப் பதினைந்து ராத்தல். ஏப்ரலில் நூற்று நான்கு. தலை சீவினால் சீப்பு நிறைய முடி வந்தது. ஒருநாள் ஏணிமேல் நின்று ஜாடி எடுக்கப் போனவள் மயங்கி விழுந்தாள். நல்லவேளை, கீழே தபால்காரர் நின்றிருந்தார். வீட்டுக்கு வந்து சொன்னபோது கிளிஃபோர்ட் உண்மையாகவே பதறினான். ஒரு கோப்பை சூப் போட்டுத் தந்தான். சாப்பிடு என்று மட்டும் சொல்லவில்லை.

1961 மே மாதப் போட்டி. வெயில் அடித்தது, பாதை காய்ந்திருந்தது. காலையில் பரிசோதகர் காரைச் சுற்றிவந்து பார்த்தார். பிரேக்கை அழுத்தினார், சக்கரத்தை ஆட்டினார், மியூரியலின் இருக்கையையும் மாட்டச் சொல்லித் திருகை இழுத்துப் பார்த்தார். பரிசோதனையில் கார் எப்படி இருந்ததோ அப்படியேதான் ஏற வேண்டும், அதுதான் விதி. சாக்குக்கட்டியால் டிக் அடித்துவிட்டுப் போனார்.

முதல் சுற்றில் கிளிஃபோர்ட் 38.6 நொடி. மியூரியல் 39.1.

அவள் கழிப்பறைக் கூடாரத்துக்குள் போய்க் கதவுத் துணியைக் கட்டிக்கொண்டு அழுதாள். பதினொரு ராத்தல் இளைத்தும் இன்னும் அரை நொடி பின்னால்தான். அப்படியானால் கை போய்விட்டது, கண் போய்விட்டது. இந்தப் போட்டியோடு நிறுத்திவிடலாம் என்று முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

இரண்டாவது சுற்றில் கிளிஃபோர்ட் 38.2 ஓட்டினான். சின்ன எஞ்சின்களில் ஆஸ்க்லி கண்ட ஆகக் குறைந்த நேரம் அது. கீழே இறங்கி வந்து காரை நிறுத்தியதும் நாலு பேர் அவனைத் தோளில் கைபோட்டு அறிவிப்பாளரின் ஒலிபெருக்கி இருந்த பஸ்ஸுக்கு அழைத்துப்போய்விட்டார்கள். அவனும் போனான். சந்தோஷத்தில் இருக்கையை மாட்ட மறந்தே போனான்.

"பதினாலாம் நம்பர், மிஸஸ் ஹெப்டன், இன்னும் அஞ்சு நிமிஷத்துல புறப்படற கோட்டுக்கு வரணும்" என்று கொடியோடு ஒருவர் வந்து சொன்னார்.

இருக்கை வேனின் பின்பக்கம் இருந்தது. மியூரியல் அதன் முதுகைப் பிடித்து இழுத்தாள். அது அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். ஒரு மூலை மட்டும் எழுந்து உட்கார்ந்தது. பலகை, குதிரைமயிர், ரெக்சின். பத்து ராத்தல் இருக்கலாம், பன்னிரண்டு இருக்கலாம். அந்த ஒரு மூலையை விரலில் தாங்கிக்கொண்டு அவள் நின்றாள். எவ்வளவு இருக்கும் என்று கை சொல்லிவிட்டது. அதை நம்ப மனம்தான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டது.

"தள்ளுங்கம்மா, நான் எடுத்துத் தரேன்" என்று டஃப்னெல் வந்தார். அவருடைய ராட்சதன் பக்கத்தில்தான் நின்றிருந்தது. முக்கித் தூக்கிப் புல்லில் வைத்தார். "அடேயப்பா! முன்னவிடக் கனமாயிருக்கே."

"முன்னவிடன்னா?"

டஃப்னெல் கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். அவர் முகம் கொஞ்சம் மாறியது. "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

மியூரியல் இருக்கையைப் புரட்டிப் போடச் சொன்னாள். அடிப்பலகையில் நான்கு திருகு. கருவிப் பெட்டியிலிருந்து ஒரு திருப்புளியை எடுத்து அவளே கழற்றினாள். உள்ளே கூரைக்கு அடிக்கிற ஈயத் தகடு, மடித்து மடித்து, அழகாக அடுக்கி, ஆடாமல் ஆணி அடித்திருந்தது. கிளிஃபோர்டின் வேலையில் எப்போதும் ஒரு சுத்தம் உண்டு. பழைய தகடு வெளுத்துச் சாம்பல் பூத்திருந்தது. அதன்மேல் மூன்று பட்டைகள் மட்டும் இப்போதுதான் வெட்டினது மாதிரி பளபளத்தன.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"அது வந்து... ஒரு பந்தயத்துக்காகத்தான் ஆரம்பிச்சான். ஈடு கட்டறதுன்னு சொன்னான். குதிரைப் பந்தயத்துல எடை கம்மியா இருக்கற ஜாக்கிக்குச் சேணத்துல ஈயம் வெக்கறாங்க இல்ல? அந்த மாதிரி. எங்களுக்கும் நியாயமாத்தான் பட்டுச்சு. உங்க சம்மதத்தோடதான்னு..."

நான்கு வருடம். அவள் தேநீர் ஊற்றிக் கொடுத்த ஒவ்வொரு கோப்பைக்குப் பின்னாலும் இது தெரிந்த ஒரு முகம் இருந்திருக்கிறது. அழுவதற்கு நேரமில்லை. கொடிக்காரர் கையை ஆட்டினார். மியூரியல் தன் மழைக்கோட்டைச் சுருட்டினாள், வேனிலிருந்த கம்பளியை மடித்தாள், இரண்டையும் முதுகுக்குப் பின்னால் திணித்துக்கொண்டு காருக்குள் இறங்கினாள்.

"இருக்கை?" என்றார் டஃப்னெல்.

"நீங்க வெச்சுக்குங்க. உங்க வண்டி தாங்கும்."

கோட்டில் சக்கரத்துக்குப் பின்னால் கட்டையை வைத்தார்கள். கிளம்பிய வேகத்தில் தலை பின்னால் போய் இடித்தது. முதல் வளைவுக்கு முன் வழக்கமான மரத்தருகே பிரேக்கை மிதித்தாள். கார் நின்றேவிடும்போல இருந்தது. ஈயத்தோடு ஓட்டிய காலுக்கு அவ்வளவு சீக்கிரம் மிதித்துத்தான் பழக்கம். அங்கே கால் நொடி போயிருக்கும். இரண்டாவது வளைவில் காலைத் தாமதித்தாள். மூன்றாவதில் இன்னும் தாமதித்தாள். நடந்து நடந்து மனப்பாடம் செய்த கல்லும் வேரும் எல்லாம் அதது இருந்த இடத்தில் இருந்தன. கார் அவளுக்கு முன்பே அவற்றை அறிந்திருந்தது. உச்சி வளைவில் பின்சக்கரம் சற்றே விலகி, விலகியதைத் தானே திருத்திக்கொண்டது. முதல் நாள் அனுபவித்த அதே லேசு. அவள் கை எங்கேயும் போய்விடவில்லை. யாரோ அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

முப்பத்தேழு புள்ளி ஆறு.

ஒலிபெருக்கி ஒரு கணம் நம்பாமல் கரகரத்தது. பிறகு, "ஹெப்டனின் அற்புதமான குட்டிக் கார்! கணவர் ஏற்படுத்திய சாதனை இருபது நிமிடம்கூட நிற்கவில்லை! சிட்டுக்குருவி எடைதானே மிஸஸ் ஹெப்டன், காற்றே தூக்கிக்கொண்டு போயிருக்கும்!" என்றது. சரிவு முழுக்கக் கை தட்டினார்கள். எஞ்சினை அணைத்துவிட்டு உருண்டு இறங்கி வந்தவள் அந்தக் கைத்தட்டலைக் கேட்டாள். இது தனக்குத்தான் என்று அரை மணிநேரம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அரை மணிநேரம் கழித்து ஒலிபெருக்கி மறுபடி பேசியது. பதினாலாம் நம்பர் காரில் மிஸஸ் ஹெப்டனின் இரண்டாவது நேரம் நீக்கப்படுகிறது. பரிசோதனையில் காட்டிய இருக்கை காரில் இல்லை. "இதை அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் வேறு யாருமில்லை, மிஸ்டர் கிளிஃபோர்ட் ஹெப்டனேதான். சொந்த மனைவியின் சாதனை என்றும் பாராமல் விதியை மதித்த இந்தப் பெருந்தன்மைக்கு நாம் அனைவரும்..."

அதற்கும் கை தட்டினார்கள். முன்னதைவிடப் பலமாகவே தட்டினார்கள்.

திரும்பும்போது வேனைக் கிளிஃபோர்ட் ஓட்டினான். பின்னால் டிரெய்லரில் தெள்ளுப்பூச்சி குதித்துக்கொண்டு வந்தது.

"நீயா போய்ச் சொன்ன?" என்றாள் மியூரியல்.

"வேற யாராவது புகார் குடுத்திருந்தா அசிங்கமாப் போயிருக்கும். நாமளே சொல்லிட்டா ஒரு மதிப்பு."

"நாமளேவா?"

கிளிஃபோர்ட் கியரை மாற்றினான்.

"உள்ள ஈயம் இருந்துச்சு."

"ஆமா." அவன் பொய் சொல்லவில்லை. அவன் பொய் சொல்லுகிற மனிதன் இல்லை, அதுதான் கஷ்டம். "எனக்கும் உனக்கும் அறுபது ராத்தல் வித்தியாசம். அந்த வித்தியாசத்த வெச்சுக்கிட்டு ஜெயிச்சா அது ஜெயிப்பா? ஒரே எடையில யாரு நல்லா ஓட்டறாங்கன்னு பாக்கணும். நான் சமமாத்தான் ஆக்கினேன் மியூரியல். ஒரு ராத்தல் கூட்டிக்கூட வெக்கல."

"டஃப்னெல் காரு கனம்னு ஊரே கேக்கச் சிரிச்சியே. அவருக்குச் சமமா இருக்கணும்னு உன் காருல எப்பவாவது ஈயம் வெச்சியா?"

"அது வேற."

"எப்படி வேற?"

அவன் நிஜமாகவே யோசித்தான். ஒரு மைல் போயிற்று.

"மேல மூணு பட்டை புதுசா இருந்துச்சு" என்றாள்.

"நீ இளைச்சுக்கிட்டே இருந்தியே. கணக்கு மாறிக்கிட்டே இருந்துச்சு. ஞாயித்துக்கெழம நிறுத்துப் பாத்துட்டு..." அவனுக்கே என்னவோபோல் இருந்திருக்க வேண்டும், நிறுத்திக்கொண்டான். பிறகு, "சாப்பிடாதன்னு நான் சொல்லலையே. நீயா எடுத்த முடிவு" என்றான்.

அந்த மேசை மியூரியலின் கண்முன் வந்தது. இந்தப் பக்கம் வெந்த கோஸ், அந்தப் பக்கம் குழம்பில் தோய்த்த ரொட்டி. அவள் ஒரு ராத்தல் இளைப்பாள், அவன் வாயைத் துடைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய் ஒரு ராத்தல் வெட்டி வைப்பான். குளிர்காலம் முழுக்க இரண்டு பேரும் ஒரே வீட்டில் இந்த வேலையைப் பார்த்திருக்கிறார்கள். எடைதான் எதிரி, விட்டுடாத.

"சந்தைத் திருப்பத்துல நிறுத்து. பசிக்குது."

அங்கே மீனும் உருளைக்கிழங்கும் பொரித்து விற்கும் கடை இருந்தது. அவளே இறங்கிப்போய் முழுப் பொட்டலமாக ஒன்று வாங்கிவந்தாள். அவனுக்கு வாங்கவில்லை. வினிகர் வாசனை வேன் முழுக்க நிறைந்தது. காகிதத்தைப் பிரித்து மடியில் வைத்துச் சூடாக ஒன்றை வாயில் போட்டாள். ஆறு மாதமாகக் கனவில்கூடத் தின்ற உருளைக்கிழங்கு. நாலு துண்டு இறங்கியது. ஐந்தாவது தொண்டையிலேயே நின்றுகொண்டது. வயிறு ஒரு கைப்பிடியாகச் சுருங்கிப்போயிருந்தது, இனிமேல் முடியாது என்றது. எவ்வளவோ முயன்றும் விழுங்க முடியவில்லை.

"முடியலையா? குடு, வீணாப் போகுது" என்று கிளிஃபோர்ட் கையை நீட்டிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டான். சாப்பிட ஆரம்பித்தான். சாதனை செய்த நாளில் பசி எடுக்கத்தானே செய்யும்.

"ஜூலைப் போட்டிக்கு என் பேரை எழுதாத" என்றாள் அவள்.

"ஏன்?" அவன் மெல்லுவதை நிறுத்தி அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த ஆச்சரியம் அசலானது. "இன்னைக்கு எவ்வளவு அருமையா ஓட்டின! அந்தக் கடைசி வளைவுல ஒரு திருப்பு திருப்பினியே, பஸ்லேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். எனக்கு அது ஒரு நாளும் வந்ததில்ல. நிஜமாச் சொல்றேன் மியூரியல், என்னவிட நீ நல்ல டிரைவர்."

நான்கு வருடமாக இந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவள் தவம் கிடந்தாள். மழையில் மேட்டை நடந்து அளந்ததும், ஏணியிலிருந்து விழுந்ததும் இதற்குத்தான். அது இப்போது வந்தது, அவளுடைய உருளைக்கிழங்கை மென்றுகொண்டே வந்தது. உன் வாயால் எனக்கு எதுவும் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் பாழாய்ப்போன மனம் அவளைக் கேட்காமல் குளிர்ந்துபோயிற்று. முகம் சிவப்பது அவளுக்கே தெரிந்தது. அவனை வெறுத்ததைவிட அதிகமாக அந்த நிமிடத்தில் அவள் தன்னை வெறுத்தாள். சந்தோஷப்படுவதை அவன் பார்த்துவிடக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.